மெய் தாய்: இதில் தாயும் இல்லை, மெய்யும் இல்லை

குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கும் துணியை வீட்டிலேயே தைக்கலாமே என்று தேடத் தொடங்கினால், சீக்கிரமே 'மெய் தாய்' என்ற பெயர் எதிர்ப்படும். நம் கண்ணுக்கு அது அச்சு அசல் தமிழ். மெய் என்றால் உடல், உண்மை என்றும் பொருள். உடலோடு ஒட்டிக் குழந்தையைச் சுமப்பவளுக்கு இதைவிட நல்ல பெயர் வேண்டுமா என்று நானும் கொஞ்ச நாள் பூரித்துப்போயிருந்தேன்.

இலக்கணம்தான் கெடுத்தது. தமிழாக இருந்தால் மெய்ப்பொருள் போல இதிலும் ஒற்று மிகுந்து 'மெய்த்தாய்' என்றல்லவா வந்திருக்கும்? உண்மையில் இது கான்டனீஸ் சீனச் சொல். 'மே' என்பது முதுகில் சுமப்பதைக் குறிக்கும். 'டாய்' என்றால் வார், பட்டை. ஆங்கில எழுத்து வழியாக வந்ததை நம் வழக்கப்படி படித்ததால் நடுவில் ஒரு தாய் புகுந்துவிட்டாள்.

அந்தப் பெயரில் பையும் இல்லை, தொட்டிலும் இல்லை, வெறும் வார்தான். தைத்துப் பார்த்தால் காரணம் புரியும். நடுவில் செவ்வகமாக ஒரு துணி. கீழே இடுப்பில் கட்ட இரண்டு வார்கள், மேலே தோளைச் சுற்றிவர இரண்டு நீள வார்கள். குழந்தையின் எடை முழுவதும் அந்த வார்கள் நடுத்துணியில் சேரும் இடங்களில் வந்து நிற்கும். அதனால் வாரின் நுனியை ஓரத்தில் ஒட்டினாற்போல் தைத்தால் போதாது. சில அங்குலம் உள்ளே விட்டு, கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓட்ட வேண்டும். துணியும் இழுத்தால் நீளாத கான்வாஸ் போன்றதாக இருக்க வேண்டும். பூவேலை, ஜேப் எல்லாம் அப்புறம்.

இத்தகைய எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் பொதுப்பெயர் 'பேபி கேரியர்'. கேரியர் என்றதும் சைக்கிளின் பின்பக்கம்தான் நினைவுக்கு வரும், அதில் தப்பும் இல்லை. சொல்லின் வேரே சக்கரம்தான்: லத்தீனில் 'காருஸ்' என்றால் வண்டி. அதிலிருந்துதான் சுமப்பதற்கான ஆங்கில வினைச்சொல் வந்தது, காரும் வந்தது. வேலை, தொழில் என்ற பொருளில் நாம் சொல்கிற இன்னொரு 'கேரியர்'கூட வண்டிப்பாதை என்ற பொருளிலிருந்து கிளைத்ததுதான். ஆங்கிலத்தில் எழுத்தாலும் ஒலியாலும் பிரிந்துபோன இரண்டையும் தமிழ் எழுத்து மறுபடி ஒன்றாக்கிவிட்டது!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குழந்தை ஏந்தி' என்று எழுதிப் பார்த்தேன். ஏந்துவது கையின் வேலை. இந்தத் துணியைத் தைப்பதே கை சும்மா இருக்கட்டும் என்றுதான். 'சுமப்பான்' என்றால் குழந்தை மூட்டையாகிவிடுகிறது.

'தோள்தூளி' கேட்க அழகாக இருக்கிறது. ஒரு தோளில் மாட்டிக் குழந்தையைச் சுமக்கும், வளையம் வைத்த துணியான ஸ்லிங்குக்கு அதைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் தூளி என்றதும் மனதில் வரும் படம் என்ன? துணிக்குள் சுருண்டு, முகம் மறைந்து தூங்கும் குழந்தை. உடம்பில் கட்டும்போது கூடவே கூடாதது அதுதான். பச்சைக்குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுவழி அடைபடும். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 4 மாதத்துக்கும் குறைந்த குழந்தைகளை ஸ்லிங்கில் வைக்கும்போது கவனம் தேவை என்று எச்சரித்ததும் இந்த மூச்சுத்திணறலை வைத்துத்தான். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தப்பான படத்தைக் காட்டும் பெயர் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மிஞ்சுவது 'தாங்கி'. எடையை ஏற்பதும் தாங்குவதுதான், விழாமல் பிடிப்பதும் தாங்குவதுதான். அந்தக் கட்டத்தையலின் வேலையும் அதுவே. ஆகவே என் ஓட்டு 'குழந்தைதாங்கி'க்கு. மெய் தாயைத் தனியாகச் சுட்ட வேண்டுமானால் 'வார்க் குழந்தைதாங்கி' எனலாம். நடுவில் 'த்' போடத் தோன்றும், போட வேண்டாம்: குழந்தையைத் தாங்குவது என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை இது. சுமைதாங்கி, இடிதாங்கி போல ஒற்று மிகாது.