சந்தா கட்டிய பிறகு செலவுக்காசு எதற்கு?

ஹட்டனில் என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர், வந்த வழக்கைப் பேசி முடித்து எழுந்து போகிற நேரத்தில்தான் மனதில் உள்ளதைச் சொல்வார்கள். "வீட்டுத் திட்டத்துல பேரு போடுறதுக்கு ஒருத்தருகிட்ட காசு குடுத்தோம் சேர். அதைத் திருப்பி வாங்க முடியுமா?"

அப்படிக் கேட்ட ஒரு தோட்டத்து அம்மா, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தாளின் மேலே கட்சிச் சின்னம். "மேற்படி நபருக்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரே வரி. யாருக்கு எழுதியது என்று இல்லை. திகதியும் இல்லை, கடித இலக்கமும் இல்லை. கையெழுத்துகூட போட்டோகொப்பி. இதற்காகக் காதுத் தோட்டை அடகு வைத்து ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். "அவரு தனக்குன்னு வாங்கல சேர், மேலிடத்துக்குக் குடுக்கணும்னுதான் வாங்குனாரு" என்று வாங்கியவருக்காகவும் அவரே பேசினார்.

இந்த வியாபாரம் ஏன் ஓடுகிறது என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து இந்தியப் பிரதமர் தோட்ட மக்களுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். லயம் எனும் வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களோ அதைப் போலப் பல மடங்கு. பட்டியலில் யார் பெயர், ஏன் அந்தப் பெயர் என்பது வெளியே தெரியாத வரைக்கும், "ஐயாகிட்ட நான் சொல்றேன்" என்கிற ஆளுக்கு மவுசு குறையாது.

அரசியல்வாதியிடம் போய்க் கேட்பதில் தவறே இல்லை. வாக்குப் போட்டவர் வீடு கேட்கலாம், ரோடு கேட்கலாம், கடிதமும் கேட்கலாம். தொழிற்சங்கம் அமைச்சரிடம் சம்பள உயர்வு கேட்பதும் அந்த வகைதான். அதற்கான கூலியை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்களே, அந்தத் தொழிற்சங்கச் சந்தா. அதற்கு மேல் ஒருவர் தனியாகக் கை நீட்டினால் அதற்குப் பெயர் இலஞ்சம்.

சட்டத்தில் இது ஒன்றும் புதிதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், இன்னொருவருக்காக அரச அதிகாரியைச் சந்தித்துப் பேசப் பணம் வாங்கினாலே குற்றம் என்று 1954 ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமே சொன்னது. இப்போது அதன் இடத்தில் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. வாங்கியவர் அரச ஊழியர் இல்லை, வெறும் தரகர்தான் என்றாலும் தப்ப முடியாது. அரசாங்கத்திடமிருந்து வேலையோ காணியோ மானியமோ எடுத்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினால் அவரும் மாட்டுவார்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். அமைச்சரை யார், எந்தக் காரியத்துக்காகச் சந்தித்தார்கள் என்று பகிரங்கமாகப் பதியச் சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. அமெரிக்காவில் வெளிநாட்டு அரசுக்காக ஆதரவு திரட்டுபவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தில் சிக்கியவர் இமாத் சுபேரி. அமெரிக்காவில் நம் நாட்டின் பெயரைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன இவருக்கு, 2014 இல் இலங்கை அரசு 65 இலட்சம் டொலர் அனுப்பியது. பரப்புரை நிறுவனங்களுக்கும் சட்ட நிறுவனங்களுக்கும் போனது எட்டரை இலட்சத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதியைத் தனக்கே எடுத்துக்கொண்டார் என்றது அமெரிக்க நீதித் திணைக்களம். இதோடு வேறு குற்றங்களும் சேர்ந்து 2021 இல் 12 ஆண்டு சிறை. (2025 இல் ஜனாதிபதி டிரம்ப் தண்டனையைக் குறைத்துவிட்டார், அது வேறு கதை.) ஒரு நாட்டின் அரசே தரகரிடம் ஏமாந்திருக்கிறது. மேலிடத்துக்கு என்று வாங்கிய காசு மேலிடத்துக்குப் போகவில்லை. அந்த அம்மாவின் ஐம்பதாயிரமும் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், அரசியல்வாதிகளிடம் இணைப்பாளர்களாக வேலை செய்யும் நம் பிள்ளைகள். படித்துவிட்டு, ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று போகிறவர்கள்தான் அதிகம். முதலில் பெட்ரோல் காசு என்று யாரோ பையில் திணிப்பார்கள். பிறகு கொடுத்தவரின் கடிதம் முதலில் போகும், கொடுக்காதவருடையது மேசையிலேயே கிடக்கும். அந்த இடத்தில் மனசு உறுத்தினால், அந்த உறுத்தலை நம்புங்கள். கடிதப் பதிவேடு ஒன்றை வைத்து யார் வந்தார், என்ன கேட்டார், எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பினோம் என்று எழுதுங்கள். எழுதக் கூசுகிற எதையும் வாங்காதீர்கள்.

இன்னும் காசு கொடுக்காதவர்கள் செய்யக்கூடியது இரண்டு. பட்டியல் பற்றிச் சந்தேகம் இருந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்கோ உரிய அமைச்சுக்கோ விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறோமா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "தெரிவு எந்த அடிப்படையில் நடந்தது, என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது" என்று குறிப்பாகக் கேளுங்கள். சும்மா "விவரம் தரவும்" என்று எழுதினால் சும்மா ஒரு பதில்தான் வரும்.

யாராவது காசு கேட்டால், கொடுப்பதற்கு முன்பே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிக்க அவர்களால் முடியும். கொடுத்து முடிந்த பிறகு விஷயம் சிக்கலாகும், ஏனென்றால் கொடுப்பதும் குற்றம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், வாங்கியவரோடு சமரசம் பேசப் போகாமல், தொலைபேசியில் உள்ள குறுஞ்செய்திகளையும் வங்கித் துண்டையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.