சபைக்காக உபவாசம்: இரட்டு உடுத்துவதற்கு முன்

சபையில் ஒரு தப்பு வெளியே வந்தால், அது பணக் கையாடலோ சாதிப் பூசலோ, முதல் அறிவிப்பு 'மூன்று நாள் உபவாச ஜெபம்' என்பதுதான். இதற்கு எபிரெய வேதத்தில் முன்மாதிரி இல்லாமலில்லை. ஆனால் அங்கே உபவாசத்துக்கு முன்னும் பின்னும் நடப்பதை விட்டுவிட்டுப் பட்டினியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

நெகேமியா 8 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். ஏழாம் மாதம் முதல் தேதி நியாயப்பிரமாணத்தைக் கேட்டு ஜனங்கள் அழுகிறார்கள். ஆலய ஊழியரான லேவியர் அழ விடவில்லை. பரிசுத்த நாள், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள் என்கிறார்கள். கூடாரப்பண்டிகையும் முடிந்த பிறகு, 24ஆம் தேதிதான் இரட்டு என்ற முரட்டுத் துணியை உடுத்தி, தலையில் புழுதியோடு கூடுகிறார்கள். பகலில் கால்பங்கு வாசிப்பு. இன்னொரு கால்பங்கு பாவ அறிக்கையும் பணிந்துகொள்ளுதலும். ஏறக்குறைய மும்மூன்று மணி நேரம். பிறகு உடன்படிக்கை எழுதி முத்திரை போடுகிறார்கள்: ஓய்வுநாளில் சரக்கு வாங்குவதில்லை, ஏழாம் வருஷம் கடனை விட்டுவிடுவது, ஆலய ஊழியத்துக்கு வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு சேக்கல் கொடுப்பது. தொகை வரைக்கும் எழுத்தில் இருக்கிறது. நம் கூட்டங்களில் பாட்டும் கண்ணீரும் குறைவதில்லை. இந்தத் தாள்தான் இருப்பதில்லை.

ஜெபத்தின் வார்த்தையையும் கவனிக்க வேண்டும். எஸ்றா 9இல், ஜனங்கள் வேற்று ஜனத்தாரின் பெண்களை மணந்ததைக் கேள்விப்பட்ட வேதபாரகர் எஸ்றா வஸ்திரத்தையும் சால்வையையும் கிழித்துக்கொண்டு, அந்திப்பலி நேரம்வரை திகைத்து உட்கார்ந்திருக்கிறார். வாய் திறக்கும்போது 'நான் வெட்கப்படுகிறேன்' என்று தொடங்கி, அதே மூச்சில் 'எங்கள் அக்கிரமங்கள்' என்கிறார். அந்தத் தப்பை அவர் செய்யவில்லை. ஆனாலும் 'அவர்கள்' என்று விலகி நிற்கவில்லை. (அதற்குப்பின் அந்த மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட எடுத்த முடிவை இன்றைக்கு யாரும் மாதிரியாகக் கொள்ளக் கூடாது.)

இந்த 'எங்கள்' என்ற வார்த்தைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாரும் சேர்ந்து அழுதால், எடுத்தவனும் கூட்டத்தோடு அழுதுவிட்டுப் போய்விடுவான். ஆயி பட்டணத்துப் போரில் 36 பேர் மடிந்ததும் தலைவர் யோசுவா கர்த்தருடைய பெட்டிக்கு முன்பாகச் சாயங்காலம்வரை முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். அவருக்கு வந்த பதில் 'எழுந்திரு'. பிறகு கோத்திரம், வம்சம், வீடு, ஆள் என்று விசாரணை நடந்து, விலக்கப்பட்ட பொருளைத் திருடிய ஆகான் அகப்படுகிறான். காணிக்கைக் கணக்கில் ஓட்டை என்றால் முதலில் கணக்குப் புத்தகத்தை வெளியாள் ஒருவரிடம் கொடுங்கள். உபவாசத் தேதியைப் பிறகு குறிக்கலாம். நாபோத் என்பவனின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க ராணி யேசபேல் அறிவிக்கச் சொன்னதும் ஓர் உபவாசம்தான். குற்றம் சாட்டப்பட வேண்டியவர்களே உபவாசத்தைக் கூட்டினால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

இரட்டு என்பது பெரும்பாலும் வெள்ளாட்டு மயிரில் நெய்த முரட்டுத் துணி. இன்று அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, கோணிச் சாக்கும் வேண்டாம்.

கால அளவில்தான் குழப்பம் அதிகம். நியாயாதிபதிகள் 20இல் உபவாசம் சாயங்காலம்வரைதான். நினிவேயின் 40 நாள் அழிவுக்குக் குறித்த கெடு. அத்தனை நாள் பட்டினி கிடந்ததாக யோனா புத்தகம் சொல்லவில்லை. தண்ணீரும் இல்லாமல் மூன்று நாள் என்பது எஸ்தர் காலத்து உயிராபத்தில் வந்தது. அதை வழக்கமாக்கக் கூடாது. பாவநிவாரண நாளில் சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத யூதர்களே, உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். இன்சுலின் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உட்காரக் கூடாது. அறிவிப்பிலேயே இதை எழுதிவிடுங்கள். மேடையில் நின்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள்.