அலெப்போவில் 2,30,000 பேர்: பகிரும் முன் கொஞ்சம் பொறுங்கள்

அதிக உயிர்களைப் பலிகொண்ட நிலநடுக்கங்கள் என்றொரு பட்டியல் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. 1138, சிரியாவின் அலெப்போ, 2,30,000 பேர் என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். பழைய நிலநடுக்கங்களின் நாளையும் இடத்தையும் சரிபார்த்து வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. அந்த வரியை நம்பாதீர்கள் என்று மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

அந்த எண்ணை முதலில் எழுதியவர் 15ஆம் நூற்றாண்டு எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு தக்ரிபிர்தி. நடந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து! 1137இல் டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு இடையிலுள்ள ஜசீரா சமவெளியில் ஒரு நிலநடுக்கம், மறு ஆண்டு அலெப்போவில், 1139இல் காகசஸ் பக்கம் கெஞ்சே நகரில் இன்னொன்று. மூன்றும் கலந்து ஒரே எண்ணாகிவிட்டன. ஆனால் முன்னதிர்வுகளுக்குப் பயந்து அலெப்போ மக்கள் பலர் ஏற்கெனவே ஊருக்கு வெளியே போய்விட்டார்கள் என்ற செய்தியும் பதிவாகியிருக்கிறது. அதை யாரும் பகிர்வதில்லை.

அதற்காகப் பழைய அரபு வரலாற்று நூல்களையே ஒதுக்கிவிடக் கூடாது. அவற்றை எழுதியவர்கள் நிலநடுக்கத்தை இறை எச்சரிக்கையாகப் பார்த்தவர்கள்தான்; ஆனாலும் நாள், நேரம், இடிந்த கோட்டை என்று பொறுமையாகக் குறித்தார்கள். எகிப்திய அறிஞர் சுயூத்தி நிலநடுக்கங்களுக்கென்றே தனி நூல் தொகுத்தார். 1202 நிலநடுக்கத்தின்போது எகிப்தில் இருந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, அது நடந்தது ஹிஜ்ரி 598 ஷஃபான் 26, திங்கள், விடியற்காலை என்று எழுதினார். நில அசைவைச் சல்லடை சலிப்பதற்கு ஒப்பிட்டார். சிரிய நகரங்களான ஹமாவிலிருந்தும் டமாஸ்கஸிலிருந்தும் வந்த கடிதங்களையும் சேர்த்துவைத்தார். எனக்கு இதில் பொன்னானது அந்தக் கிழமைதான். பிறை பார்த்து மாதம் பிறப்பதால் ஹிஜ்ரி தேதியை மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆகிவிடும். திங்கள் என்று இருப்பதால் மே 20 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. இதே நிலநடுக்கத்துக்கும் 11 லட்சம் பேர் என்று போடுகிறார்கள்; எகிப்தின் பஞ்சத்தில் மடிந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

அதனால் பெரிய எண் ஒன்று வந்தால் இரண்டைப் பாருங்கள்: எழுதியவர் அந்தக் காலத்தில் வாழ்ந்தாரா? எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று சொல்கிறாரா?

1157 ஆகஸ்டில் சிரியாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஷைஸர் கோட்டை இடிந்து, அதை ஆண்ட முன்கித் குடும்பமே ஏறக்குறைய அழிந்தது. வெளியூரில் இருந்ததால் உஸாமா இப்னு முன்கித் பிழைத்தார். அதே நிலநடுக்கத்தில் ஹமாவில் நடந்ததை வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் ஒருவர் ஏதோ வேலையாகப் பள்ளியை விட்டு வெளியே போயிருந்தார். அப்போது நிலம் அதிர்ந்து கட்டடம் விழுந்து பிள்ளைகள் எல்லாரும் இறந்துபோனார்கள். அப்புறம் அந்த ஆசிரியர் சொன்னாராம், தன் பிள்ளை எங்கே என்று கேட்டு ஒருவர்கூட வரவில்லை என்று.

என் பதிவேட்டில் ஹமாவுக்கு நேரே இறப்பு எண்ணிக்கை எதையும் போடவில்லை. இந்தச் செய்தியைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.