இலையோடு வந்தவருக்குப் புத்தகம் கொடுத்தேன்

2018 கடைசியில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருந்தவர்கள் அந்தப் புழுவை மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்கப் படைப்புழு. அந்த வருஷம் மே மாதம் கர்நாடகத்தில் தென்பட்டது, சில மாதங்களில் நம் காட்டுக்கும் வந்துவிட்டது. நான் அப்போது அந்தப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். ஒருநாள் காலை ஒருவர் சல்லடையாக ஓட்டை விழுந்த சோளக் குருத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். "சார், இதுக்கு என்ன மருந்துன்னு பேப்பர்ல ஏதாச்சும் வந்திருக்கா?"

நான் வேளாண்மை அலமாரியிலிருந்து பயிர்ப் பாதுகாப்புப் புத்தகம் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டுமே அந்தப் புழு இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே அச்சானவை. அவர் பத்து நிமிஷம் புரட்டினார், மரியாதைக்காகத்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் நேராக உரக்கடைக்குப் போய்விட்டார்.

உரக்கடைக்குப் போகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைப்பது எளிது. கடைக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இலையைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். எத்தனை நாள் பயிர் என்று கேட்கிறார். டேங்குக்கு எத்தனை மூடி என்று சொல்கிறார். பணம் அறுவடைக்கு அப்புறம் கொடுத்தால் போதும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையோ ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம் என்று இருக்கும். அதை எந்தத் தராசில் நிறுப்பது? ஆனால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் விற்பார், ஒன்று போதாதென்று இன்னொன்றையும் கலக்கச் சொல்வார். சிக்கல் அங்கேதான்.

பிறகு புழுவின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வாசலில் ஒட்டினேன். தலையில் தலைகீழான ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இந்த இரண்டும் இருந்தால் படைப்புழு. கீழே கிசான் கால் சென்டர் எண், 1800-180-1551. படத்தை செல்போனில் பிடித்துக்கொண்டு எல்லாரும் போனது அதே உரக்கடைக்குத்தான். பரவாயில்லை. இந்தத் தடவை கடைக்காரரிடம் கேட்பதற்கு அவர்கள் கையில் ஒரு கேள்வி இருந்தது.

இதற்கு நேர் எதிர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். காலையில் கதவு திறக்கும்முன் வாசலில் நிற்பார்கள். பத்து புத்தகம் படிக்க வேண்டுமென்ற ஆசையெல்லாம் அவர்களுக்கு இல்லை, எது சரியான விடை என்று தெரிந்தால் போதும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருந்தால் வேதம். அதிலும் "பழைய புக்கா, புது புக்கா" என்று பஞ்சாயத்து வரும். இவர்களுக்குத் தேடத் தெரியாது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தேர்வாணையம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடும் வாரத்தில்தான் அந்த எண்ணம் போயிற்று. ஆட்சேபணைக்கு ஏழு நாள்தான் அவகாசம், கைடையும் கோச்சிங் நோட்ஸையும் காட்டினால் எடுபடாது. அந்த ஏழு நாளும் அதே பிள்ளைகள் மூல நூலைத் தேடி எடுத்து, பதிப்பாண்டு பார்த்து, பக்க எண் குறித்துக்கொண்டு போவார்கள். ஆராய்ச்சி மாணவர்கள்கூட அவ்வளவு கறாராக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஆள்தான். தேவை மாறினால் தேடும் விதமும் மாறிவிடுகிறது.

காலைப் பத்திரிகைக்கு வருகிற ஓய்வூதியர்கள் தனி ரகம். வாட்ஸ்அப்பில் வந்ததை என்னிடம் காட்டி "உண்மையா?" என்று கேட்க மாட்டார்கள். "பேப்பர்ல வந்திருக்கா?" என்பார்கள். வரவில்லை என்றால் நம்ப மாட்டார்கள், ஆனாலும் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே விதி எழுதி வைத்துவிட்டார். பணியில் சேர்ந்த புதிதில் அதைப் புத்தகத்தைச் சீக்கிரம் எடுத்துக் கொடுப்பது என்று புரிந்துகொண்டிருந்தேன்.

உள்ளேயே வராதவர்களும் உண்டு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய சமயம், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "சார், மேல்முறையீடுன்னா என்ன?" என்று கேட்டான். வீட்டுப்பாடம் என்று நினைத்து அகராதியை எடுத்துக் கொடுத்தேன். பொருளைப் படித்துவிட்டு வெளியே ஓடினான், மறுபடி வந்தான். "அப்ப யார்கிட்ட போகணும்னு அம்மா கேக்குது." அம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக வந்த குறுஞ்செய்தி கணவரின் போனில் கிடந்திருக்கிறது. அவர் அதைத் திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் விசாரித்ததில், "நம்ம தெருவுல யாருக்குமே வரலையாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு அம்மாவும் விட்டுவிட்டார்.

குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். எண்ணிப் பார்த்தால் நாலு நாள் பாக்கி. இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும், மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியருக்கு, இன்னின்ன எடுத்துப் போங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காமல், எழுத்துப் பெரிதாகத் தெரிய முழுத்தாளில் எழுதி அந்தப் பையனிடமே கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே ஐந்து பெண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே வந்தது அதே பையன்தான். "சார், அதே மாதிரி இன்னும் நாலு."