பெடல் கெட்டியாக இருந்தால் பிரேக் இருக்கிறது என்று அர்த்தமில்லை

மறுபடியும் ஒரு 1957 ஷெவர்லே பெல் ஏர், மறுபடியும் நசுங்கிய முன்பக்கத்தோடு. பல வருஷம் கொட்டகையில் நின்ற வண்டி. புது பேட்டரி மாட்டியிருக்கிறார்கள், கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் விட்டிருக்கிறார்கள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெடலை நாலு தடவை மிதித்துப் பார்த்தார்களாம், கல் மாதிரி இருந்ததாம். பிறகென்ன, குடும்பத்தோடு தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு. மூன்றாவது திருப்பத்தில் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மோதியது மரத்தில் என்பதால் இதைக் கோபத்தோடு மட்டும் எழுத முடிகிறது.

"பெடல் கெட்டியாத்தானே இருந்துச்சு?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் நாலு வரி. 1955, 56, 57 ஆகிய மூன்று வருஷத்து ஷெவர்லேக்களையும் சேர்த்து அமெரிக்காவில் 'ட்ரை ஃபைவ்' என்பார்கள். வால்சிறகும் குரோமும் இரட்டை நிறப் பெயின்ட்டுமாக நீங்கள் படத்தில் பார்த்திருக்கும் அதே கார். கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நான்கு கதவு செடான் அப்படியில்லை. 1957-இல் பெல் ஏர் நான்கு கதவு செடான் மட்டுமே இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள். கன்வெர்ட்டிபிள் ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், மளிகைப் பைகள் என்று ஏற்றிக்கொண்டு ஓடிய குடும்ப வண்டி இது. இன்றும் முதல்முறையாகப் பழைய கார் வாங்குகிறவர்கள் பலர் இதைத்தான் தேடுகிறார்கள். விலை கட்டுப்படியாகிறது, உதிரிபாகம் புதிதாகவே கிடைக்கிறது, பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைக்கலாம். அந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, பெடல். கெட்டியான பெடல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த நிமிஷம், இந்த அழுத்தத்தில், பிரேக் ஆயில் எங்கேயும் ஓடிப் போகவில்லை. சக்கரம் நிற்கும் என்று அது சொல்லவே இல்லை. நிற்கிற வண்டியில் மிதித்துப் பார்க்கும்போது 20 பவுண்டு விசை கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடல் நெம்புகோல் அதை ஆறு மடங்காக்கினால் 120. பெடலின் விசையை வாங்கி ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதன் ஓர் அங்குல விட்டமுள்ள பிஸ்டனில் அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 150 பவுண்டு அழுத்தம். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் அதே கால் 100 பவுண்டு கொடுக்கும். அழுத்தம் 750-ஐத் தாண்டும். 150-இல் தாங்கிய துருப்பிடித்த குழாய் 750-இலும் தாங்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

இன்னொன்று, இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நின்று கிடந்த வண்டியில் கெட்டியான பெடலே நோயின் அறிகுறியாக இருக்கலாம். சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது ஷூ, அந்த ஷூவைத் தள்ளுவது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டர். அதற்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டால் ஷூ நகராது. ஷூ நகராவிட்டால் ஆயிலுக்குப் போக இடமில்லை. போக இடமில்லாவிட்டால் பெடல் கல் மாதிரிதான் இருக்கும். நாலு சக்கரத்திலும் பிரேக்கே இல்லாத வண்டிக்குத்தான் எல்லாவற்றையும்விடக் கெட்டியான பெடல். ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான். வெளியே பார்த்தால் ஹோஸ் பளபளவென்று இருக்கும். அது சில சமயம் ஆயிலை ஒரு வழியாகப் போகவிட்டுத் திரும்ப விடாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே கிடந்து வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். உடனே 'அலைன்மென்ட் சரியில்லை' என்று கிளம்பிவிடுவார்கள்.

'வாங்கும்போது நல்லா இருந்துச்சு, ஏர் எடுத்த (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றிய) பிறகுதான் போச்சு' என்பதற்கும் காரணம் உண்டு. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் தினமும் ஓடுவது முதல் அரை அங்குலம், முக்கால் அங்குலம்தான். அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். அதற்கு அப்பால் வருஷக்கணக்காகத் தேங்கிய தண்ணீரால் துருவும் குழியும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரை வரை மிதித்தால், கப் அந்தத் துருவில் உரசி விளிம்பு கிழிந்துவிடும். பழைய மாஸ்டர் சிலிண்டரோடு ஏர் எடுத்தே ஆகவேண்டும் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். அதைவிட, அந்தச் சிலிண்டரையே கழற்றிப் போடுங்கள்.

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், இந்த வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரே அறை, ஒரே பிஸ்டன். பின்பக்கம் வலது சக்கரத்தில் ஒரு கப் கிழிந்தால் முன்பக்கம் இடது சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 'கொஞ்சம் குறையும்' என்பது கிடையாது, மொத்தமாகப் போகும். இன்று நீங்கள் ஓட்டும் எந்தக் காரிலும் ஒரு பாதி போனால் மறுபாதி நிறுத்தும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்கள் எல்லாவற்றுக்கும் இரட்டை வழியைக் கொடுத்தது 1967 மாடலிலிருந்து. அமெரிக்காவில் அது சட்டமானது 1968 ஜனவரி 1-ஆம் தேதி. ட்ரை ஃபைவ்களுக்கு வயது அதற்கும் பத்து வருஷம் மூப்பு.

"அந்தக் காலத்துல எல்லாரும் இதே பிரேக்லதானே ஓட்டினாங்க?" ஓட்டினார்கள். ஹோஸ் புதுசாக இருந்தது, சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஷூவை அட்ஜஸ்ட் செய்தார்கள். செத்தும் போனார்கள். 1957 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய ஒவ்வொரு பத்துக் கோடி மைலுக்கும் சாலையில் இறந்தவர்கள் ஐந்து பேருக்கு மேல். இப்போது ஒன்றுக்குச் சற்று மேல்.

'இரும்பு வண்டி, டாங்கி மாதிரி' என்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. 2009-இல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் (IIHS) ஒரு 1959 பெல் ஏரையும் 2009 ஷெவர்லே மாலிபுவையும் 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர், பாதி முகம் மோதவிட்டது. பெல் ஏரில் ஓட்டுநர் இருக்கும் இடம் மடிந்து போனது, முன்கண்ணாடி கழன்றது, கதவு திறந்துகொண்டது. மாலிபுவின் ஓட்டுநர் அறை குலையவில்லை. 1959-இன் எக்ஸ் வடிவ சேசிஸ் வேறு, 57-இன் சேசிஸ் வேறு என்று வாதாட வருவார்கள், உண்மைதான். ஆனால் இரண்டிலும் ஸ்டீயரிங் கம்பி மடங்காது. மோதினால் உங்கள் நெஞ்சுக்கு நேராக வரும்.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். முதல் வேலை, நாலு டிரம்மையும் கழற்றுவது. வராத டிரம்மை விளிம்பில் சுத்தியலால் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு உடையும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் நட்சத்திரச் சக்கரத்தைத் தளர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய உரசுபட்டையில் (லைனிங்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரமாக்கித் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

நாலு வீல் சிலிண்டர், மூன்று ஹோஸ் (முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று), மாஸ்டர் சிலிண்டர். எல்லாமே புதிது. 'இது நல்லா இருக்கே' என்று ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள். வெள்ளைப் பட்டை டயருக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது. அந்த டயரில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை!

டிரம் 11 அங்குலம். கடைந்து கடைந்து விட்டம் 11.060 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆயில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது பைத்தியக்காரத்தனம். சூடேறியதும் ஊறியது மறுபடி வெளியே வரும். பின்பக்க ஷூ நனைந்திருந்தால் ஆக்சில் சீலையும் பாருங்கள், சில சமயம் அது பிரேக் ஆயில் அல்ல, கியர் ஆயில். மாட்டும்போது லைனிங் குட்டையாக உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கவேண்டும், நீளமானது பின்பக்கம். மாற்றி மாட்டிய வண்டிகள் எத்தனையோ வருகின்றன. அட்ஜஸ்டரின் மரையும் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, கலக்காதீர்கள்.

அடுத்து இரும்புக் குழாய். துரு தெரிந்தால் மொத்தமாக மாற்றுங்கள். ஸ்டீல் அல்லது செம்பு-நிக்கல் கலவை, முனையில் இரட்டை மடிப்பு ஃபிளேர் (விரித்து மடித்த வாய்). வெறும் செம்புக் குழாயும், வெட்டி ஒட்டுப் போடும் கம்ப்ரஷன் ஃபிட்டிங்கும் சமையலறைத் தண்ணீர்க் குழாய்க்குச் சரி.

மாஸ்டர் சிலிண்டர் மாற்றும்போதே இரட்டை அறையுள்ளதைப் போடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய் இழுக்கவேண்டும், அவ்வளவுதான். 'ஒரிஜினாலிட்டி போய்விடும்' என்பவர்கள் பழையதை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம். போல்ட் கழற்றினால் திரும்ப மாட்டிவிடலாம். இங்கே இரண்டு கண்ணி இருக்கிறது. பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் கருவி) உள்ள வண்டிக்கான சிலிண்டரில் பிஸ்டனின் குழி ஆழம் குறைவு. பூஸ்டர் இல்லாத வண்டியில் அதை மாட்டினால் பெடலிலிருந்து வந்து பிஸ்டனைத் தள்ளும் தள்ளுகம்பி நழுவி விழலாம், விழுந்தால் பெடல் காற்றில் ஆடும். ஆழக் குழி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் 1/16 அங்குலம் போல இடைவெளி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும், ஓட ஓடச் சூடாகி நாலு சக்கரமும் தானாகவே பிடித்துக்கொள்ளும். முன்னால் டிஸ்க் போடுகிறவர்கள், காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் டிரம்முக்கான 10 பவுண்டு எஞ்சியழுத்த வால்வு முன்வழியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

'பிரேக் ஆயில்' என்று நாம் சொல்லிப் பழகிய பெயரே ஒரு வினை. அது எண்ணெய் இல்லை. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு மூடி ஊற்றினாலும் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப் போகும். மொத்த ரப்பரையும் மறுபடி மாற்றவேண்டும். டப்பாவில் டாட் 3 (DOT 3) அல்லது டாட் 4 என்று தரம் போட்டிருந்தால் போதும். இது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும்: புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரம் சேர்ந்தால் வரம்பு 140-க்கு இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ இதனோடு கலக்காதீர்கள், டாட் 5.1 வேறு, அது சிலிக்கான் இல்லை. பெயர் வைத்தவரைத்தான் திட்டவேண்டும். ஏர் எடுக்கும் வரிசை: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது.

ஹேண்ட் பிரேக்கைத் தயவுசெய்து அலட்சியம் பண்ணாதீர்கள். ஒற்றை வழி போய்விட்டால் மிச்சம் இருப்பது டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள அந்தக் கைப்பிடி ஒன்றுதான். கேபிள் உறைக்குள் துருப்பிடித்து அசையாமல் கிடக்கும் வண்டியில் அது வெறும் அலங்காரம். சரிவில் நிறுத்தி இழுத்துப் பாருங்கள்.

பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் உள்ள ட்ரை ஃபைவில் கியர் வரிசை பார்க், நியூட்ரல், டிரைவ், லோ, ரிவர்ஸ். ரிவர்ஸ் கடைசியில். இன்றைய கார் பழகிய கை பார்க்குக்கு அடுத்ததை ரிவர்ஸ் என்று நினைக்கும். வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்களென்றால் முதலில் இதைக் காட்டிக் கொடுங்கள். மலை இறக்கத்தில் லோவில் போடுங்கள். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரில் இறங்கி ஏறினாலும் சில மிதி வரை பிடிக்காது.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தியது. டயரின் பட்டன் தேயாமல் பளிச்சென்று இருந்தாலும் அதில் ஓட்டக்கூடாது. சீட் பெல்ட் போடுகிறவர்கள் 7/16 அங்குல போல்ட்டும் தரைக்கு அடியில் தடித்த தகடும் வைத்துப் போடவேண்டும். துருப்பிடித்த தரையில் வெறும் வாஷரோடு மாட்டிய பெல்ட், போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு வரும்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆளில்லாத காலி இடத்தில், தனியாக. முதலில் 5 மைல் வேகம், பிறகு 10, பிறகு 20. ஒவ்வொன்றிலும் நிற்கும் வரை மிதியுங்கள். 20-இல் ஒருமுறை முழு பலத்தோடு. வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி நாலு டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கி விரலால் தொட்டுப் பாருங்கள், உலர்ந்திருக்கவேண்டும். அது வரை பின்சீட்டில் பிள்ளைகள் வேண்டாம்.