குவிட் ரென்ட்: வாடகை அல்ல, விடுதீர்வை

வேலையிலிருந்து விலகினால் ‘குவிட்’, குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுத்தால் ‘ரென்ட்’. இவற்றை ஒட்டிப் பொருள் தேடினால் ‘குவிட் ரென்ட்’ (quit rent) என்ற பழைய ஆங்கில நிலச் சொல் பிடிபடாது. இலத்தீனில் ‘குவியேத்துஸ்’ என்றால் ஓய்ந்த, அமைதியான என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ‘கடன் தீர்ந்த’ என்றாகியது. இடைக்கால இங்கிலாந்தில் நிலம் வைத்திருந்த குடியானவன் பிரபுவின் வயலில் உழவும் அறுக்கவும் கடமைப்பட்டிருந்தான். அந்த ஊழியத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கட்டிவிட்டால் அவன் விடுபட்டவன். அந்தத் தொகையே குவிட் ரென்ட். ‘ரென்ட்’டின் வேரும் குடிக்கூலி அன்று, செலுத்துவது என்பதுதான்.

ஊழியமே நடந்திராத அமெரிக்க மண்ணுக்கும் இந்தச் சொல் கப்பலேறியது. வர்ஜீனியாவில் மன்னருக்கு 100 ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். நியூ ஜெர்சியிலோ 1665ஆம் ஆண்டுச் சாசனப்படி ஏக்கருக்கு அரைப் பென்னி; 1670 மார்ச் 25 முதல் கட்டவேண்டும். அற்பத் தொகைதான். ஆனால் ஒருமுறை கட்டிவிட்டால், ‘இந்த நிலம் உங்களிடமிருந்து எனக்கு வந்தது’ என்று கைப்பட எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடும். நியூ ஜெர்சியின் எலிசபெத்டவுன் ஊர் மக்கள் கட்ட மறுத்தது அதனால்தான். 1664இல் லெனாப்பே என்ற பூர்வகுடி மக்களிடம் விலை கொடுத்து வாங்கிய நிலம் அது. அப்பகுதியின் ஆங்கிலேய ஆளுநர் ரிச்சர்டு நிக்கல்ஸும் அதை உறுதிசெய்திருந்தார். சில மாதங்களுக்கு முன்பே தம் எஜமானரும் மன்னரின் தம்பியுமான யார்க் கோமகன் அந்த நாட்டையே பெர்க்லி, கார்ட்டரெட் என்ற இரு பிரபுக்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது நிக்கல்ஸுக்குத் தெரியாது.

பிணக்கு தலைமுறைகள் தாண்டியது. 1745இல், அந்தப் பிரபுக்களின் உரிமை வழிவந்த கிழக்கு ஜெர்சி நில உடைமையாளர் குழு எலிசபெத்டவுன்காரர்கள்மீது சான்சரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அங்கே ஜூரி கிடையாது. ஆளுநர் லூயிஸ் மாரிஸே நீதிபதி. அவரும் பெரும் நிலக்கிழார். மாகாணத்தின் தலைமை நீதிபதியோ அவருடைய மகன் ராபர்ட் ஹண்டர் மாரிஸ். உடைமையாளர் குழுவில் ஒருவர். ஏர் பிடித்தவன் எந்த நம்பிக்கையில் அந்த வாசலை மிதிப்பான்? அதே ஆண்டு செப்டம்பரில், உடைமையாளர்கள் தமதென்ற நிலத்தில் மரம் வெட்டியதாகச் சாமுவேல் பால்ட்வின் என்பவரை நியூவார்க்கில் அடைத்தபோது, ஊரார் சிறையை உடைத்து அவரை மீட்டார்கள். எலிசபெத்டவுன் வழக்குக்குத் தீர்ப்பு வரவே இல்லை.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘வாடகை’ தவறு, வாடகை கொடுப்பவனுக்கு நிலம் சொந்தமில்லை. சென்னை மாகாணத்தில் இனாம் நிலங்களுக்கு விதித்த சலுகை வரியை ‘ஜோடி’ என்றார்கள். இன்று அது இணையைத்தான் நினைவூட்டும். மலேசியத் தமிழர்கள் ஆண்டுதோறும் கட்டும் குவிட் ரென்ட்டை ‘நிலவரி’ என்றால் போதும். அங்கே அது அரசுக்குச் செல்கிறது. நியூ ஜெர்சிக்கு அது போதாது. அங்கே கேட்டவர்கள் அரசல்ல, தனியார். ‘இறை’ என்ற பழஞ்சொல் வரியையும் தலைவனையும் ஒருங்கே குறிப்பதால் மனம் அதன்பால் சாய்கிறது. ஆனால் இன்றைய வாசகருக்குக் கடவுள்தான் முன்னால் வந்து நிற்பார்.

நான் ‘விடுதீர்வை’ என்பேன். ‘தீர்வை’ நம் வருவாய்த்துறையின் புழக்கச் சொல். கணக்குத் தீர்வதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘விடு’ சேர்ந்தால் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் தீர்வை. எலிசபெத்டவுன்காரர்கள் விடுதீர்வை கட்ட மறுத்தார்கள் என்று எழுதினால், எதிலிருந்து விடுதலை என்ற கேள்வி வாசகருக்கு உடனே எழும். அவர்கள் கேட்டதும் அதைத்தான்.