மனாராவைக் கோபுரம் ஆக்காதீர்கள்

'தாஜ்மகாலைச் சுற்றி நான்கு கோபுரங்கள், நடுவில் பெரிய கோபுரம்.' சுற்றுலாக் கட்டுரைகளில் இப்படி எழுதுவது வழக்கமாகிவிட்டது. நடுவில் இருப்பது குவிமாடம். மூலைகளில் தனித்தனியே நிற்பவை மினார்கள்; தமிழ் முஸ்லிம்கள் வழக்கில் மனாராக்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், நேரில் பார்க்காதவர் மனத்தில் மதுரை கோயில் மாதிரி ஏதோ ஒன்றுதான் எழும்.

சொல்லின் பிறப்பு எளியது. அரபியில் 'நூர்' ஒளி, 'நார்' நெருப்பு. அந்த வேரில் பிறந்தது 'மனாரா', அதாவது ஒளி இருக்கும் இடம். அலெக்சாந்திரியாவின் பழைய கலங்கரை விளக்கத்தையும் அரபிகள் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். துருக்கியில் அது 'மினாரே' ஆனது. பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றிவிட்டு 'மினாரெட்' என்ற பெயரில் நம் செய்தித்தாளுக்கு வந்து சேர்ந்தது.

இதற்குத் தனித்தமிழ் என்று சிலர் கொடுப்பது 'தொழுகைக் கோபுரம்'. இதில் இரண்டு பாதியுமே தவறு. மினாரில் ஏறி யாரும் தொழுவதில்லை. தொழுகை கீழே பள்ளிவாசலுக்குள் நடக்கிறது. மேலே ஏறியவர் பாங்கு சொன்னார், அதாவது தொழுகைக்கு அழைத்தார், அவ்வளவுதான். சரி, 'அழைப்புக் கோபுரம்' என்று மாற்றலாமே என்றால் அதுவும் எல்லா இடத்திலும் நிற்காது. நபிகள் காலத்தில் மினார் என்பதே கிடையாது. நபித்தோழர் பிலால் கூரை மேல் ஏறித்தான் பாங்கு சொன்னார். டெல்லி குதுப்மினாரின் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அதன் உச்சியில் நின்று கூப்பிட்டால் கீழே யாருக்குக் கேட்டிருக்கும்? அது வெற்றியையும் அதிகாரத்தையும் காட்ட எழுப்பியது என்றே பலரும் கருதுகிறார்கள். ஸ்பெயினில் செவில் நகரத்து மினார் இன்று தேவாலயத்தின் மணிக்கூண்டு. அதைத் தொழுகைக் கோபுரம் என்று எழுதுவீர்களா?

'கோபுரம்' தமிழில் உருவம் தெளிவான சொல். வாசலுக்கு மேல் எழுவது, அடி அகன்று மேலே போகப்போகக் குறுகுவது, நடுவே ஆள் நுழையும் வழி உள்ளது. மினார் இதில் எதற்கும் கட்டுப்படாது, ஊருக்கு ஊர் வேறாக நிற்கும். டமாஸ்கஸில் 8ஆம் நூற்றாண்டில் பெரிய பள்ளிவாசல் எழுந்தபோது, ரோமானியர் காலக் கோயில் வளாகத்தின் மூலைகளில் ஏற்கெனவே சதுரக் கட்டுமானங்கள் இருந்தன. அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தச் சதுர வடிவம் துனீசியா, மொராக்கோ வழியாக ஸ்பெயின் வரை போனது. ஈராக்கின் சாமர்ராவில் 52 மீட்டர் உயரத்துக்குச் செங்கல்லை நத்தைக் கூடு போல முறுக்கி, வெளிப்பக்கமாகவே ஏறிப் போகும் சாய்தளம் வைத்தார்கள். துருக்கியின் உதுமானியர்கள் சீவிய பென்சில் மாதிரி ஒல்லியாக்கினார்கள்.

'தூபி' இன்னும் மோசம். அது பௌத்தச் சொல். இலங்கைத் தமிழர் இன்றும் விகாரையில் உள்ள கவிழ்ந்த கிண்ண வடிவக் கட்டடத்தை அப்படிச் சொல்கிறார்கள். அதே சொல்லை மினாருக்கும் குவிமாடத்துக்கும் போட்டால் மூன்றும் ஒன்றாகக் குழம்பிப்போகும்.

இவ்வளவுக்கும் தமிழ் முஸ்லிம்கள் சொல் பஞ்சத்தில் இருந்தவர்கள் இல்லை. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்றெல்லாம் நல்ல தமிழில் பேசுகிறவர்கள்தான் இதை மட்டும் மனாரா என்று விட்டுவைத்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. கீழக்கரை, காயல்பட்டினம் பழைய பள்ளிவாசல்களைப் போய்ப் பாருங்கள்: கல்தூண்கள், தட்டையான கூரை, கிட்டத்தட்ட நம் மண்டபம். ஓங்கி நிற்கும் மனாரா அந்தக் கட்டட மரபில் பிறந்ததில்லை. பொருள் வெளியிலிருந்து வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மனாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடற்கரையில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கட்டடத்தின் பெயர் மனோரா. அதுவும் இதே சொல்தான். பள்ளிவாசலோடு தொடர்பே இல்லாத ஒரு கட்டடத்துக்கு ஒட்டும் அளவுக்கு அது தமிழாகிவிட்டது.

தனித்தமிழ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பெரும்பாணாற்றுப்படை வர்ணிக்கும் கலங்கரை விளக்கம், 'ஓடுகலம் கரையும் துறை'யில் இருக்கிறது. அங்கே கரைதல் என்றால் கூப்பிடுதல். விளக்கும் அழைப்பும் ஒன்றாக உள்ள அந்தச் சொல்லை ஒட்டி ஏதாவது உண்டாக்கியிருந்தால் நான் மதித்திருப்பேன். அதற்கெல்லாம் யாருக்கும் பொறுமை இல்லை. அகராதியில் 'உயர்ந்த கட்டடம்' என்று பார்த்தவுடன் கோபுரத்தை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் 'சார்மினார் கோபுரம்' என்று வேறு எழுதுகிறார்கள். நடு சென்டர் என்கிற கதைதான்.

பொதுப் பெயர் மனாரா, பன்மை மனாராக்கள். குதுப்மினார், சார்மினார் போன்ற இடப்பெயர்களை மட்டும் அப்படியே விடலாம். குவிமாடத்துக்குக் குவிமாடம் என்ற சொல்லே போதும்.